காவிக்குள் ஒரு முழங்கை

அன்புள்ள அம்மா,

காவி உடுத்தியவன் யாரையும் கும்பிடக் கூடாதாம். அதனால் கும்பிடாமலே எழுதுகிறேன். மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

முழங்கையாலும் அடிக்கும் நம் தாய்லாந்துக் குத்துச்சண்டை மேடையில் என் முழங்கை பட்டுச் செத்துப்போன வீராயுத்துக்குப் புண்ணியம் சேரத்தான் பயிற்சிக்கூட முதலாளி என்னைக் கொஞ்ச நாளைக்குத் துறவியாக்கினார். இன்று பிட்சைக்குப் போனபோது, வீராயுத்தின் அம்மா மண்டியிட்டு என் பாத்திரத்தில் சோறு போட்டுவிட்டு, என்னைக் கும்பிட்டார்.

"என்னைச் சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போக என் மகன்தான் காவி கட்டியிருக்கணும், சாமி. உங்க அம்மா குடுத்துவெச்சவங்க," என்றார். நான் ஆசி மந்திரம் சொன்னேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். "மழிச்ச புருவம் முளைக்கட்டும், சாமி. அடுத்த சண்டை பேசியாச்சு. அந்த முழங்கையப் பாக்கத்தான் கூட்டம் வரும்," என்று சிரித்தார்.

கொஞ்சம் மிளகாய்ப்பொடி அனுப்புங்கள். அந்தச் சண்டையை டிவியில் பார்க்காதீர்கள். மணி அடிக்கிறது, போகிறேன்.

உங்கள் மகன்,
பன்லோப்