அப்ரூவ் பட்டனை அழுத்தாத தோஸ்துக்கு

தோஸ்த், இன்று எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். லேமினேஷன் சூடுகூட ஆறவில்லை. 'மேலாளர்களின் முடிவெடுத்தலில் ஆன்மிக நுண்ணறிவு' என்று போட்டிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஏசி அறையில் மூன்று மணி நேரம் எங்களைக் கண்ணை மூட வைத்தார். பக்கத்தில் கட்டிங் மேனேஜர் குறட்டையே விட்டுவிட்டார். இதைக் கொண்டுவந்து உன் மேசைமேல் வைத்ததும் எனக்கு வந்தது எரிச்சல்தான், அதுவும் உன் மேல்.

நம் ஷூ கம்பெனியில் நீ தையல் பிரிவு மேனேஜர், நான் கம்ப்யூட்டர் ஆள். கெட்டுப்போன ஒவ்வொரு ஷூவும் தைத்தவர் பெயரில் ஏறும்படி கிளவுடில் பட்டியல் போட்டதே நான்தான். உனக்கு அதை விளக்குவதற்குள் என் உயிர் போனது. "நம்ம கம்ப்யூட்டர்ல எதுவும் இல்லடா. எங்கியோ வாடகைக்கு எடுத்த மெஷின்ல இருக்குது. நெட் இருந்தா ஆம்பூர்லயும் பாக்கலாம், சென்னை ஆபீஸ்லயும் பாக்கலாம். ஒருத்தர் மாத்தினா எல்லாருக்கும் மாறிடும். இங்க கம்ப்யூட்டரே எரிஞ்சு போனாலும் அது பத்திரமா இருக்கும்" என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தைக்கிற பொண்ணுங்க பாக்க முடியுமா?" என்றாய்.

"அவங்களுக்குப் பர்மிஷன் இல்ல."

"அவங்க பேருதான இருக்குது, அவங்களுக்கே இல்லியா? இன்னா தோஸ்த் இது?"

நான் அடுத்த திரையைக் காட்டப் போய்விட்டேன்.

கெட்ட ஷூ அதிகமாகி மாதக் கடைசியில் சிவப்பாகும் பெயர்களை வேலையிலிருந்து நிறுத்த நீ அப்ரூவ் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பட்டன். அதற்கு உனக்கு இரண்டு நாள் ஆகும். சென்னையிலிருந்து என்னைத்தான் திட்டுவார்கள். தேடினால் சீட்டில் இருக்கமாட்டாய், போனையும் எடுக்கமாட்டாய். கடைசியாக நான் உன்னிடம் கத்தியது, "முடிவெடுக்கத் தெரியலன்னா சாமியாராட்டம் சோளிங்கர் மலையில போய் உக்காந்துக்கோ." நீ சிரித்தாய். "தோல்ல ஊசி எறங்கிட்டா ஓட்ட ஓட்டதான்டா. கொஞ்சம் பொறு" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நெஞ்சுவலி. எதற்கும் ஆற அமர யோசிக்கிறவனுக்குக் கிளம்புவதில் மட்டும் அவ்வளவு அவசரம். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புது ஆள் வரும்வரை உன் நாற்காலியும் அந்தப் பட்டனும் என்னிடம். இந்த மாதம் சிவப்பில் இருப்பது ஒரே பெயர், ஒடுகத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் செல்வி. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். சான்றிதழைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. கீழே போய் அவள் மெஷின் பக்கத்தில் நின்றேன்.

அவள் தலை நிமிராமலே சொன்னாள்: "நின்னா இன்னா சார் தெரியும்? முன்ன இருந்த மேனேஜரு, யாரு பேரு செவப்புல வந்தாலும் அவங்க மெஷின்ல ஒக்காந்து ஒரு ஜோடி தைச்சுப் பாப்பாரு."

இதைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்னடா? அந்த இரண்டு நாளும் நீ எங்கே இருந்தாய் என்று தெரிந்திருந்தால் நான் அப்படிக் கத்தியிருப்பேனா?

அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். கறுப்புத் தோல். தைக்க வேண்டிய இடத்தில் வெள்ளி நிறப் பேனாவால் கோடு போட்டிருப்பதாகச் சொன்னாள். என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, குத்துமதிப்பாக ஒரு ஜோடியை ஓட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். அந்த வரிசையில் அவள் தலைக்கு மேல் இருந்த டியூப்லைட் மட்டும் அணைந்து கிடந்தது.

"மூணு வாரமா சொல்லிட்டேதான் இருக்கேன் சார்" என்றாள்.

செல்வியின் பெயருக்கு எதிரே 'நிறுத்த வேண்டாம், விளக்கு எரியவில்லை' என்று அடித்தேன். கோணலாக ஓடியிருந்த என் ஜோடியை என் பெயரிலேயே ஏற்றினேன். சென்னையில் அதுவும் தெரிந்திருக்கும். உடனே போன் வந்தது. இவ்வளவு நேரம் சீட்டில் இல்லாமல் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள்.

நீ ஒருநாளும் சொல்லாத பதிலை நான் சொன்னேன். "தைச்சிட்டு இருந்தேன் சார்."