எங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள விளக்குக்கு ஒரு பக்க மறைப்பு வேண்டி

அனுப்புநர்
லைன்மேன் மகள், பத்தாம் வகுப்பு,
மூன்றாம் கம்பத்துக்கு எதிர் மாடி வீடு.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் அலுவலகம்
(தற்போது தெருமுனையில், ஜீப்பில்).

பொருள்: மூன்றாம் கம்பத்து விளக்கு இரவில் அணைவதன் காரணமும், அதற்கான தீர்வும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தாங்கள் மட்டும் படிக்க வேண்டும். வேறு யாரிடமும், முக்கியமாகத் தங்களிடம் வேலை பார்க்கும் என் அப்பாவிடம், காட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா உள்ளே படுத்துவிட்டார், அப்பா வழக்கம்போலக் கதவுக்கு வெளியே வராந்தாவில். அந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

1. விளக்கில் பழுது எதுவும் இல்லை. அதை அணைப்பவர் என் அப்பா. சில இரவுகளில் ஃபியூஸைக் கழற்றுவார், விடிந்ததும் மாட்டிவிடுவார். தாங்கள் அவரையே பழுது பார்க்க அனுப்பியபோதெல்லாம் “லூஸ் கனெக்‌ஷன் சார்” என்று போனில் சொன்னாரே, அது பொய்தான். தாங்கள் பிடித்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லித் தெரிந்துகொள்வது மேல் என்று நினைத்தேன்.

2. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி. வந்தால் ஒரு கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பதுபோல இருக்கும், வாந்தி வரும். இதைச் சமாளிக்கத்தான் முடியும், முழுதாகப் போக்க முடியாது என்றும், இருட்டில் சத்தமில்லாமல் படுக்க வைக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே ஜன்னல். போர்வை கட்டிப் பார்த்தோம். காற்றில்லாமல் வலி இன்னும் ஏறியது.

3. வலி வருவதற்கு முன் நான் கொட்டாவியாக விடுவேன். எனக்குத் தெரியும் முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். உடனே குக்கரை இறக்கிவிட்டு, “என்னங்க, இவ கொட்டாவி விடுறா” என்பார். அப்பா, “லூஸ் கனெக்‌ஷனா? சரி, போயிட்டு வந்துடறேன்” என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்குவார். மற்ற நாள்களில் வீடு திரும்பினால் உள்ளங்கையால் கதவை அதிர அடிக்கும் மனிதர், வலி வந்த நாளில் மட்டும் ஒரு விரல் நகத்தால் சுரண்டுவார். எங்கள் வீட்டில் லூஸ் கனெக்‌ஷன் என்றால் என் தலைதான் ஐயா.

4. புகார் கொடுத்த கீழ்வீட்டு அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறார். அந்தப் பயம் நியாயமானது. எனக்கு மாத்திரை வாங்கி வந்து தருபவரும் அவர்தான். அவரே இன்று மாலை, “எவனோ வேணும்னே பண்றான்டி. பொறியாளரே ராத்திரி வந்து உக்காரப் போறாராம். கையும் களவுமாப் பிடிச்சு போலீஸ்ல குடுப்பாராம்” என்றார். அப்பாவிடம் சொன்னேன். “பிடிக்கட்டுமே, லைட் எரியலைன்னு பாக்க வந்தேன்னு சொல்லிக்கிறேன்” என்று சிரித்தார். அவருக்குச் சரியாகப் பொய் சொல்லத் தெரியாது. தங்கள் முன்னால் நின்றால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவார். வேலை போய்விடும்.

5. இதற்கு முன் அப்பா தங்களிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். “தலைவலிக்கெல்லாம் லைட்டை மாத்தினா ஊரே இருட்டாயிடும்யா” என்று தாங்கள் சொன்னதாக அம்மாவிடம் சொன்னார். ஊர் இருட்டாக வேண்டியதில்லை ஐயா. விளக்கில் எங்கள் ஜன்னல் பக்கம் மட்டும் ஒரு தகர மறைப்பு வைத்தால் போதும். பிஸ்கட் டப்பா மூடியை வளைத்து, டார்ச் விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன். சுவர் இருட்டாகிறது, தரையில் வெளிச்சம் குறையவில்லை. அக்கா பயமில்லாமல் வரலாம், நான் தூங்கலாம், அப்பா செருப்புப் போட்டுக்கொண்டே படி இறங்கலாம். அந்த மூடியை இத்துடன் இணைத்துள்ளேன்.

6. அப்பா செய்தது தவறு. ஆனால் அவர் திருடவில்லை. கேட்டுக் கிடைக்காததால் எடுத்துக்கொண்டார். அவரை எச்சரித்தால் போதும். மறைப்பை அவர் கையாலேயே பொருத்தச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. தாங்கள் செய்வீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலையிலிருந்து கொட்டாவி வந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டேன். சாப்பிடும்போது வேண்டுமென்றே சத்தமாகச் சிரித்தேன். அம்மா கவனிக்கவில்லை. இப்போது எழுத்துகளின் இடது பக்கம் நெளிகிறது. இன்று விளக்கு எரியட்டும், பொறுத்துக்கொள்வேன். அப்பா இன்று தெருவுக்கு வர மாட்டார். இதை எழுதி முடித்ததும் நானே இறங்கி வந்து தங்கள் கையில் கொடுக்கிறேன்.

தேதி: இன்று இரவே
இடம்: ஜன்னலோரம்

இப்படிக்கு,

விளக்கு அணைந்துவிட்டது. கதவு. நகத்தால் சுரண்டுகிறார். நான் ஒரு கொட்டாவிகூட