விற்றுக்கொண்டே போகக் கூடாது

கிள்ளான்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ரயில்வேயில் இருந்தபோது தண்டவாளத்தில் நடந்த நடையெல்லாம் இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு கவர்மெண்ட் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்து மாத்திரை வாங்கி வருகிறார். மழை விடவே இல்லை, பின்பக்கத் தெரு வரைக்கும் ஒரு நாள் தண்ணீர் வந்து திரும்பிப் போனது, நம் வீட்டுக்குள் வரவில்லை, பயப்படாதே. லீவுக்கு இங்கே வந்த, உன்னோடு தங்கியிருக்கும் ரோகிணி ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அங்கே திரும்புகிறாள். மீன் குழம்புத் தூளும் வறுத்த நெத்திலியும் அவளிடம் கொடுக்கிறேன், இந்தக் கடிதத்தையும் அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். போனில் தட்டாமல் அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் போன் கம்பெனி கொடுத்த போன், தட்டியது அதில் அப்படியே நிற்கும், நான் எழுதப்போவதும் அந்தக் கம்பெனியைப் பற்றித்தான்.

போன ஞாயிறு நீ பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அம்மா கிள்ளானில் அர்டென் கார் விற்கிறாள், மகள் ஆன்ட்வெர்ப்பில் அதே அர்டென் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நம் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பேன். நீ சொன்னதைக் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே கயிற்றின் இரண்டு நுனியில் நிற்கிற மாதிரி இருந்தது. மலேசியாவில் நஷ்டம், அதனால் அர்டென் இங்கிருந்து வெளியேறப் போகிறது, வருகிற வியாழக்கிழமை மீட்டிங்கில் முடிவாகும், ஆனால் வருடக் கடைசி விற்பனையில் இருக்கிற காரெல்லாம் தீர்ந்த பிறகுதான் வெளியே அறிவிப்பார்கள் என்று சொன்னாய். அந்த அறையில் நீ ஒருத்திதான் மலேசியக்காரி, வாங்கினவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல உனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாய். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். எங்க ஆளுங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்கம்மா, அதைத்தான் சொல்லப்போறேன் என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நீ கேட்காவிட்டாலும் என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அர்டென் போகட்டும். ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனி இந்த நாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, நஷ்டத்தில் கடை நடத்து என்று யாரையும் பிடித்து வைக்கவும் முடியாது. உள்ளூர்க் கார் விலை குறைவு, அதன் உதிரிச் சாமான் மூலைக் கடையில்கூடக் கிடைக்கும். இப்போது சீனாவிலிருந்து கரண்டுக் கார் வந்து நம் சாலை முழுக்க நிற்கிறது. எங்கள் ஷோரூமில் பல நாள் கதவைத் திறப்பது நாங்கள் மட்டும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும், உங்கள் ஆட்கள் பிளேன் ஏறி வந்து படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் போவது ஒன்று, விற்றுக்கொண்டே போவது வேறு. கப்பார் பக்கம் உன் தாத்தா ரப்பர் பால் வெட்டிய எஸ்டேட்டை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றபோதும் நஷ்டம் என்றுதான் சொன்னார்கள். நஷ்டம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் விற்பது என்று மேலே முடிவான பிறகும் கீழே நாங்கள் இருந்த லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கோயிலுக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார்கள், எங்கள் வீட்டில் உட்பட எல்லோரும் கொல்லையில் வாழை வைத்தோம். குலை தள்ளுவதற்கு முன்னால் லோரியில் சாமானை ஏற்று என்று சொல்லிவிட்டார்கள். அந்த மக்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள் என்று யாராவது ஒருவன் எழுதி வைத்திருப்பான். அவர்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளவில்லை, போக்கிடம் இல்லாமல் கம்போங் மேடான் மாதிரி இடத்தில் பலகை வீடு போட்டார்கள், அதில் வளர்ந்த பிள்ளைகள் படிப்பை விட்டு அடிதடிக்குப் போய் என்ன ஆனார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

யுகேந்திரனை உனக்கு ஞாபகம் இருக்கும், நம் கோயிலில் பந்தி பரிமாறுவானே, விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி ஓட்டுகிறவன், அவனுக்கு நான் விற்ற அர்டென் கார் இப்போது நம் வீட்டு கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. கியர் பெட்டிக்குள் ஏதோ ஒரு சின்ன பாகம் போய்விட்டது, அது உங்கள் ஊரிலிருந்து வர வேண்டும், தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் போட்டது இன்னும் வரவில்லை. எங்கள் சர்வீஸ் சென்டரில் வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் இழுவை லோரியில் ஏற்றிக்கொண்டு நேராக இங்கே வந்து இறக்கிவிட்டான். கத்தவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அக்கா, உங்க வீட்டு முன்னாலயே இருக்கட்டும், கோயிலுக்குப் போனப்ப முன் சீட்டுல உக்காந்து வந்தது நீங்கதானே என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டான். உனக்குத் தெரியும், நான் யாருக்குக் கார் விற்றாலும் டெலிவரி அன்றைக்குக் கூடவே கோயிலுக்குப் போவேன், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நானே வாங்கிக்கொண்டு போய் வைப்பேன், வேறு கம்பெனி விற்பனையாளர்கள் சாவியைக் கொடுத்துக் கை குலுக்குவதோடு சரி. அதனால்தான் நம் ஆட்கள் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கு அர்டென் எந்த நாட்டுக் கார் என்றுகூடத் தெரியாது, புனிதாக்கா கார் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு நான் ஒருத்தரிடமும் பொய் சொல்லவில்லை, நல்ல கார்தான், இப்போதும் நல்ல கார்தான், ஓடினால். அப்பா தினமும் காலையில் அந்தக் காரின் மேல் விழுந்த இலையைப் பெருக்கித் தள்ளுகிறார். தன் மோட்டார் சைக்கிளை எடுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரரின் வாசல் வழியாக உருட்டிக்கொண்டு போகிறார். யுகேந்திரன் வேறு யாருடைய காரையோ வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான், ஓடாத காருக்கும் பேங்கில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு நடுவில்தான் புதன்கிழமை ஹலீமா வந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாளே, அவளேதான். அவள் கணவர் நிஜாம் ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், அவர் பெயரில் இங்கே எந்த பேங்கும் கடன் கொடுக்காது, அடுப்பு, கடை, வண்டி எல்லாம் இவள் பெயரில்தான். சுங்கை வேயில் ஒரு ஃபேக்டரி கேன்டீனுக்குப் புது வருடத்திலிருந்து சாப்பாடு அனுப்ப ஆர்டர் கிடைத்திருக்கிறது, பழைய வேன் வழியில் நின்றால் ஆர்டர் போய்விடும், அதனால் எங்கள் அர்டென் வேனை எடுப்பது என்று முடிவு செய்து ஒன்பது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடத் தயாராக வந்து உட்கார்ந்தாள். வந்ததும் வராததுமாக, எனக்கு சக்கரத்துல எலுமிச்சம்பழம் வேணாம்க்கா, நான் ஒரு பாத்திஹா ஓதிக்கிறேன், பழத்தைக் கையில குடுங்க, பிரியாணிக்கு ஊறுகாய் போட்டுக்குறேன் என்று சொல்லி ஷோரூமே சிரிக்கும்படி செய்தாள். நானும் சிரித்தேன் அனு. சிரித்துக்கொண்டே கடன் விண்ணப்பப் பாரத்தை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன், அவள் அடையாள அட்டை நம்பரை எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதியதும் கை நின்றுவிட்டது. எடுக்காதே ஹலீமா என்று சொல்லிவிட்டேன். இன்ஜின் சரியில்லையா என்று கேட்டாள், இல்லை என்றேன். விலை இறங்கப் போகுதா என்றாள், அதுவும் இல்லை என்றேன். அப்ப என்ன, என் மூஞ்சி பிடிக்கலையா என்றாள். காரணம் கேட்காதே, எடுக்காதே, அவ்வளவுதான் என்றேன். விக்கிற நீங்களே வேணாங்கறீங்கன்னா கடையே மூடப்போகுதுன்னுதானே அர்த்தம் லா என்றாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தேன். வாயில் தண்ணீர் இருந்தால் பதில் சொல்ல வேண்டாமே. குடிங்க, நல்லாக் குடிங்க, நான் ஒண்ணும் கேக்கல என்று சொல்லி எழுந்துவிட்டாள். வாசலில் நின்று, பழைய வேனையே இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் பாக்கறேன், நின்னா நிஜாம் தோள்ல தூக்கிட்டுப் போகட்டும் என்று சொன்னாள். சிரிக்கச் சொன்னதுதான், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த ஆர்டர் அவளுக்குப் போய்விட்டால் அதற்கு நானும் ஒரு காரணம், அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

உன் பெயரை நான் எடுக்கவில்லை, எந்தக் காலத்திலும் எடுக்க மாட்டேன். யாருகிட்டயும் சொல்லாதம்மா, என் வேலை போயிடும் என்று நீ சொன்னது காதில் இருந்துகொண்டேதான் இருந்தது. அதனால்தான் காரணம் சொல்லவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருந்த பாரம் பாதியில் நின்றதை எங்கள் மேனேஜர் பாலன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துவிட்டான். கூப்பிட்டு, என்னக்கா, வருஷக் கடைசி, நானே தலையில கைய வச்சு உக்காந்திருக்கேன், வந்த மகாலட்சுமியத் திருப்பி அனுப்புறீங்க என்றான். அவனையும் குறை சொல்ல முடியாது, மூன்று பிள்ளைகள், மேலே என்ன முடிவாகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, விற்காவிட்டால் முதலில் அவன் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். மேலிடத்தில் கேட்டால் காட்ட வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்றான். யுகேந்திரன் காருக்குப் பாகம் வராத வரைக்கும் நான் புதுக் கார் விற்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய் இல்லை, அதில் நீயும் இல்லை. படித்துவிட்டு, இதை அனுப்பினா உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா என்றான். அனுப்பட்டும், வீடு எனக்குத் தெரிந்த இடம்தான் என்றேன். அவன் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டி, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நான் இதப் பாக்கல என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இனி உன் விஷயம். மீட்டிங்கில் அழுது முறையிடு என்று நான் சொல்லவில்லை, கம்பெனியை இங்கேயே இருக்கச் சொல் என்றும் கேட்கவில்லை. வெளியேறுவது என்று முடிவு செய்தால் அன்றைக்கே விற்பனையை நிறுத்தச் சொல், அன்றைக்கே ஊருக்குத் தெரியும்படி சொல்லச் சொல். ஷா ஆலாமில் இருக்கிற பாகங்கள் கிடங்கை மட்டும் மூடாமல், கடன் கட்டி முடியாதவர்கள் இருக்கிற வரைக்கும் வைத்திருக்கச் சொல். வேறு யாரோ ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்பார்கள், அந்த ஏஜென்ட் பாகத்தை வைத்திருக்கிறானா என்று கேள். உன்னைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், அடுத்த வருடம் உனக்கு வர வேண்டிய பதவி வராமல் போகலாம், வேலையே போனாலும் போகும். அதெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். உன்னைக் கடன் வாங்கிப் படிக்க வைத்தது ஒருத்தருக்கும் தலை குனியாமல் நீ நிற்க வேண்டும் என்பதற்காக, யார் தலையிலும் ஏறி நிற்பதற்காக இல்லை. நீ பேசாமல் இருந்தால் நான் உன்னை வெறுத்துவிட மாட்டேன், பெற்றவளுக்கு அது முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நாம் போனில் மழையைப் பற்றியும் நெத்திலியைப் பற்றியும் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்போம், அது எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா இந்தக் கடிதத்தைப் படித்தார். பிள்ளைக்கு இவ்வளவு பாரம் வைக்க வேண்டுமா புனிதா என்று கேட்டார், பிறகு அவரே உறை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். காதை மூடுகிற தொப்பி போட்டுக்கொள், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகாதே, ரோகிணியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. உன் மனசு தெளிவாகவும் குரல் நடுங்காமலும் இருக்க அம்மன் துணை இருப்பாள், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன் பின்னாலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உங்கள் மீட்டிங் வியாழக்கிழமை. அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் இரண்டு குடும்பங்கள் கார் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களும் என் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள். ஹலீமாவிடம் சொன்னதைத்தான் அவர்களிடமும் சொல்வேன், இந்த முறை தண்ணீர் குடிக்காமல் காரணத்தையும் சொல்வேன். அதற்குள் கம்பெனியே வாயைத் திறந்துவிட்டால் எனக்கு அந்த வேலை இருக்காது.

என்றும் உன் நலத்தையே நினைக்கும்
அம்மா
புனிதா சபாபதி