மலர் மாட்டிய டயர்

ஞாயிறு, இரவு

இன்று திண்டிவனத்தில் நண்பர் வீட்டு மாடியில் ஸ்லாட் கார் பந்தயம். பலகையில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் சின்ன மின்சாரக் கார்கள். வளைவில் பின் டயர் வழுக்கினால் பள்ளத்தை விட்டுப் பறந்துவிடும்.

என் மனைவி மலரின் காருக்கும் நான்தான் ரப்பர் டயர் தயார் செய்தேன். முழு அகலமும் பலகையில் படும்வரை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தேன். “ஸ்பாஞ்சு டயர் வேணாம், தூசி ஒட்டும்” என்றேன். தலையாட்டினாள். ஆனால் பந்தயம் தொடங்கும் நேரத்தில் ரப்பரைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சையே மாட்டினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் டேப்பால் தூசியை ஒற்றி எடுத்துக்கொண்டாள். என் கார் வளைவில் பறந்து தரையில் விழுந்தது. அவள் ஜெயித்துவிட்டாள்.

விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “நான் சொன்னது தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“தப்புன்னு யாரு சொன்னது? நீங்க சொல்றதையே கேட்டுக்கினு இருந்தா, எனக்கு எது சரிப்படும்னு எப்பதாங்க தெரியும்?”

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். “என்னைக் கூப்பிட்டிருக்காங்களே, அந்தத் திண்டிவனம் வேலைக்கு வர்றேன்னு காலையில போன் பண்ணிடப் போறேன்.”

எனக்குக் கோபமா, பெருமையா? விளங்கவில்லை. அந்த வேலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தூரம் என்று மட்டும்தான் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்றுதான் நினைவில்லை.