அபர்டீனுக்கு ஒன்றேகால் மணி நேரம்

அபர்டீன்
4 மே 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நாம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டவாங்கரிலிருந்து இங்கே ஐந்நூறு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். உங்கள் நார்வே கடிகாரம் எங்களுடையதைவிட ஒரு மணி முன்னால் ஓடுவதால், அங்கே பத்துக்கு ஏறினால் இங்கே பத்தேகாலுக்கே இறங்கிவிடலாம்.

என் கல்யாணத்துக்கு மூடுபனியால் வர முடியவில்லை என்றீர்கள். ஆறு வருஷமாகிவிட்டது. உங்கள் பேத்தி மோராக்குக்கு நாலு வயது. தாத்தாவைப் போட்டோவில்தான் தெரியும். அதில் நீங்கள் இடுப்புவரைதான் இருக்கிறீர்கள். "தாத்தாவுக்குக் கால் இருக்காம்மா?" என்று கேட்கிறாள். இந்த மாதமாவது வாருங்கள்.

உங்கள் மகள்,
சிசெல்

*

ஸ்டவாங்கர்
12 மே

சிசெல் கண்ணு,

கால் இரண்டும் இருக்கிறது, முழங்கால்தான் தகராறு என்று பேத்தியிடம் சொல். முப்பது வருஷம் கப்பல் ஓட்டியவனுக்கே நீ தூரக் கணக்குச் சொல்கிறாயா? பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலத்தில் நான் கொடி பிடிக்கவேண்டும். அது முடிந்ததும், 23ஆம் தேதி புதன்கிழமை வருகிறேன். பழுப்புப் பாலாடைக்கட்டி இரண்டு கட்டி கொண்டுவருவேன். உன் புருஷன் யூவனுக்கு அது பிடிக்காது என்றால் ரொம்ப நல்லது, நமக்கு மிச்சம்.

அப்பா

*

ஸ்டவாங்கர்
24 மே

சிசெல்,

நேற்று மதியம் இங்கே சோலா விமான நிலையத்திலிருந்து போன் செய்து, "மூடுபனிம்மா, திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்தச் "சரி" என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தன்று மூடுபனி எதுவும் இல்லை. டிக்கெட்டோடு இதே சோலாவில்தான் நின்றிருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன் அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன்னையும் அங்கே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பவேண்டுமே என்று நினைத்தேன். கால் நகரவில்லை. வீட்டுக்கு வந்து உனக்குப் பொய் சொன்னேன்.

நேற்று நிஜமாகவே ஏறினேன். உங்கள் ஊர்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினோம். "பால் கொட்டின மாதிரி இருக்கே" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பறந்து, ஏறிய இடத்திலேயே இறங்கினேன். ஒருமுறை பொய் சொன்னவன், இப்போது என்னை நம்பு என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் கேட்கிறேன்.

அப்பா

*

அபர்டீன்
29 மே

அப்பா,

எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று ஓலாவ்க் அத்தை நீங்கள் ஏறாத அதே விமானத்தில்தான் வந்து இறங்கினார். "மூடுபனியா? அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார். நான்தான் பேச்சை மாற்றினேன். உங்கள்மேல் ஆறு வருஷமும் கோபமாகத்தான் இருந்தேன். வராததற்குக்கூட இல்லை, என்னிடம் மறைத்ததற்கு.

ஆனால் புதன்கிழமை உங்களை நம்பாமல் போனை வைக்கவில்லை. மோராக் எதிரில் அழவேண்டாம் என்றுதான் வைத்தேன். சனிக்கிழமை நானும் மோராக்கும் அங்கே வருகிறோம். நீங்கள் எங்கும் போகவேண்டாம்.

யூவன் அன்று உங்களுக்காக விமான நிலையத்தில் காத்திருந்தான். நானும் மோராக்கும் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். எதிர்வீடே தெரியவில்லை. தலைக்கு மேல் விமானச் சத்தம் வந்தது, போனது, மறுபடி வந்தது. "அதுல தாத்தா இருக்காரு" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. சத்தம் அடங்கும்வரை அந்தப் பனியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

சிசெல்