கை தொட்டு வெளியே வருவது

பட்டாபிராம்
6 ஜனவரி 2025

அன்புள்ள நிஜாமுதீன்,

நான் நலம். ரைஹானாவும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார்கள். ஒருவரை அணியிலிருந்து நீக்கும் செய்தியை அப்படி அனுப்ப எனக்கு மனமில்லை.

சென்ற லீக்கில் நம் வாலிபால் அணி கடைசிக்கு முந்திய இடத்தில் நின்றது. இம்முறை கடைசியானால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். பிறகு நம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரும் கம்பெனி இருக்காது; கழகமும் இருக்காது. ஆகவே முப்பத்தைந்து வயதைத் தாண்டிய நான்கு பேருக்கும் இந்த சீசனில் இடமில்லை. அதில் நீயும் ஒருவன். உன் இடத்தில் அனஸ் ஆடுவான். பத்தொன்பது வயது. முடியை வெட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

கேப்டனாக நீ செய்த எதையும் மறக்கவில்லை. ஆனால் அதை வைத்து பாயிண்ட் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
ஆக்னஸ் சவரிராயன்
தலைவர்


பூந்தமல்லி
9.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு நிஜாமுதீன் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது மஸூத் என் கடைக்கு வந்தான். அவன் கையிலும் ஒன்று. "இன்னா மாமே, உன்னையும் ஊட்டுக்கு அனுப்பிட்டாங்களா? எனக்கு வந்த லெட்டர்ல ஒரு அடித்தல் திருத்தல் இல்ல பாரு. அம்மா அம்மாதான்" என்று சிரித்தான்.

உங்கள் முடிவு சரிதான். என் முட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாற்றப்படுகிறவன் உள்ளே வருகிறவனின் கையைத் தொட்டுவிட்டுத்தான் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது சவரிராயன் சார் நம் கழகத்தில் வைத்த பழக்கம். ஒருநாள் நான் கோபத்தில் தொடாமல் வந்தபோது, "போய்த் தொட்டுட்டு வாடா" என்று திருப்பி அனுப்பினார்.

முதல் ஆட்டம் நம் மைதானத்தில் நடக்கிறது. என்னை இறக்குங்கள். ஐந்து பாயிண்டில் எடுத்துவிடுங்கள். அனஸ் கையைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறேன். மஹ்ஜபீனைக் கூட்டி வருவேன். அத்தா எப்படி முடித்தார் என்று அவள் பார்க்க வேண்டும்.

உங்கள் அன்புள்ள
நிஜாமுதீன்


பட்டாபிராம்
13 ஜனவரி 2025

அன்புள்ள நிஜாமுதீன்,

ஐந்து பாயிண்ட் என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டாய்! போன ஆண்டு நாம் தோற்றவற்றில் பாதி, இரண்டு பாயிண்டில் கைவிட்டுப் போனவை. மைதானம் வழியனுப்பு விழா நடத்தும் இடமல்ல. ஆண்டு விழாவில் உனக்குச் சால்வையும் கேடயமும் உண்டு. மகளை அன்றைக்குக் கூட்டி வா.

என் கணவர் இருந்திருந்தால் சம்மதித்திருப்பார் என்று நினைப்பாய். சம்மதித்திருப்பார்தான். அவர் இல்லை.

கழக விஷயத்தில் என்னை அம்மா என்று எழுதாதே. அப்படி எழுதினால் மறுப்பது கடினமாக இருக்கிறது. மறுப்பதுதான் இப்போது என் வேலை.

ஆக்னஸ் சவரிராயன்
தலைவர்


பூந்தமல்லி
3.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, மன்னிக்கவும்.

திருநின்றவூர் அணியில் ஓர் இடம் காலியாம். அவர்கள் கோச் இராமகிருஷ்ணன் வீடு தேடி வந்தார். முட்டியைக் காட்டினேன். "அது தாங்கற வரிக்கும் ஆடு நைனா, அப்பால பாத்துக்கலாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து விடுவிப்புக் கடிதம் அனுப்புங்கள்.

லீக்கின் கடைசி ஆட்டத்தில் அவர்கள் உங்களோடு மோதுகிறார்கள். பட்டாபிராமில்தான்.

சால்வை வேண்டாம் அம்மா. வெயில் காலம் வருகிறது.

நிஜாமுதீன்


பட்டாபிராம்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள நிஜாமுதீன்,

நேற்று தோற்றிருந்தால் இரண்டாம் பிரிவுக்குப் போயிருப்போம். பையன்கள் காப்பாற்றிவிட்டார்கள். அனஸ் நன்றாக ஆடினான். முடியை மட்டும் இன்னும் வெட்டவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. இரண்டாவது செட்டில் இராமகிருஷ்ணன் உன்னை வெளியே அழைத்தார். நீ நொண்டியபடி கோட்டுக்கு வந்து, உள்ளே போன பையனின் கையைத் தொட்டாய். எங்கள் பக்கத்திலிருந்து அனஸ் ஓடி வந்து, "அண்ணாத்தே, எனக்கும் ஒண்ணு குடு" என்று வலைக்கு அடியில் கையை நீட்டினான். அவன் கையையும் தொட்டாய். இரண்டு அணியும் கைதட்டின. உன் மகள் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினாள்.

பிறகு என் நாற்காலியைக் கடந்து போனாய். என் கை குடைப்பிடியின் மேல் இருந்தது. தூக்கியிருக்கலாம். எதிரணி ஆட்டக்காரனுக்குத் தலைவர் கைதட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவு ஜெபம் சொல்ல உட்கார்ந்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் ஆண்டு விழா. அன்று ஒரு காட்சி ஆட்டம் வைக்கிறேன். நம் நீல ஜெர்சியில் நீ இறங்கு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடு. நீ வெளியே வரும்போது கோட்டருகே நான் நிற்பேன். வா.

அன்புடன்,
அம்மா


பூந்தமல்லி
28.4.2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கழகம் முதல் பிரிவிலேயே நீடிப்பதற்கு என் வாழ்த்துகள். அனஸிடமும் சொல்லுங்கள்.

காட்சி ஆட்டத்துக்கு அழைத்ததற்கு நன்றி. என்னால் வர இயலாது. முட்டி காரணமல்ல. பட்டாபிராமில் அன்றைக்கே என் ஆட்டம் முடிந்துவிட்டது. சார் சொன்னபடிதான் முடித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மஹ்ஜபீன், "எல்லாரும் தட்னாங்க, அந்தக் குடை வெச்சிருந்த ஆயா மட்டும் ஏன் அத்தா தட்டல?" என்று கேட்டாள். அவர் எதிரணித் தலைவர், அவர் தட்டக் கூடாது என்று சொன்னேன்.

இப்படிக்கு,
எஸ். நிஜாமுதீன்