மதினியிடம் மன்னிப்புக் கேக்க மாட்டேன்

ஆமத்தூர்
12.3.2007

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அப்பா எழுதுறது. இங்கன நானும் அம்மாவும் மருமக பானுப்பிரியாவும் உன் மக ஓவியாவும் சுகமா இருக்கோம். சிங்கப்பூர்ல நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்.

என்னைப் பேசவிடாமப் போனை வச்சிட்டே, அதான் எழுதுறேன். உன் பெரியம்மாவை, அதான் என் மதினியை, சபையில அவமானப்படுத்திட்டேன், வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னே. கேக்க மாட்டேம்லே. நடந்ததைக் கேளு. உன் மகளுக்குப் பேர் விட்ட அன்னைக்கு வீடு நிறையச் சனம். கருப்பம்மா மதினி பிள்ளையை வாங்கி இலவம்பஞ்சு மெத்தையில குப்புறப் போட்டு, சுத்தித் தலகாணி அண்டக் குடுத்து, இந்த வெயில்ல கம்பளித் தொப்பியும் மாட்டிவிட்டாக. பெரியத்தை, மல்லாக்கத்தான் படுக்கவைக்கணும்னு நர்சம்மா சொன்னாகன்னு பானுப்பிரியா மெதுவாத்தான் சொன்னா. அஞ்சு பெத்தவளுக்கு நீ பாடம் நடத்துறியாக்கும்னு மதினி சிரிக்க, எல்லாரும் சிரிச்சாக, உன் அம்மாவும் சேர்ந்துதான். பந்திக்குப் பரிமாற வான்னு பானுப்பிரியாவைக் கூட்டிட்டும் போயிட்டாக.

நான் துண்டு எடுக்க உள்ளே போனேன். பிள்ளை மூஞ்சி தலகாணிக்குள்ள புதைஞ்சு கிடக்கு, அசைவில்லை. தூக்கினா உதடு நாவப்பழமா இருக்கு, கழுத்து தொங்குது. முதுகைத் தேய்ச்சுக்கிட்டே அலறினேன். ஒரு இழுப்பு இழுத்து வீல்னு அழுதா பாரு, பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம் வெடிச்சப்பக்கூட நான் அம்புட்டுப் பயப்படலை. தலகாணி, மெத்தை எல்லாத்தையும் தெருவுல எறிஞ்சேன், மதினி கண்ணு முன்னாலதான் எறிஞ்சேன். அப்படியே விருதுநகருக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டரம்மா பார்த்துட்டு, பிள்ளைக்குக் குறையில்லை, உங்க மருமக சொன்னதுதான் சரின்னாக.

இப்போ ஓவியா தாய்க்குப் பக்கத்துலயே, ஆனா தனி விரிப்புல, மல்லாக்கப் படுக்குறா. கெட்டி விரிப்பு, தலகாணி கிடையாது. சேலைத் தொட்டிலும் கட்டலை. நீ அனுப்புன கரடிப் பொம்மையைப் பீரோ மேல ஏத்திட்டேன், கோவிச்சாலும் சரி. பீடியை விட்டாச்சு. வேலை விட்டு வந்தா மருந்துவாடை போகக் குளிச்சிட்டுத்தான் பிள்ளையைத் தொடுறேன். உன் அம்மா இப்போ என்னைவிட மோசம், பிள்ளையை யாராச்சும் குப்புறத் திருப்பினா சண்டைக்கே போறா. தலை தட்டையாப் போகும்னு மதினி ஊரெல்லாம் சொல்றாகளாம். போனாப் போகட்டும்லே, மூச்சு இருந்தாப் போதும்.

மதினி வந்தா காப்பி உண்டு, மரியாதை உண்டு, மன்னிப்பு மட்டும் கிடையாது. கேக்கணும்னா நாங்க எல்லாரும் பானுப்பிரியாகிட்டதான் கேக்கணும். நானும் உன் அம்மாவும் கேட்டாச்சு. நீதான் பாக்கி. இருக்கன்குடி மாரியாத்தா உனக்குத் துணையிருப்பா. மறக்காதே, ஞாயித்துக்கிழமை போன் போட்டா முதல்ல அவகிட்டப் பேசு, எங்கிட்ட அப்புறம் பேசலாம்.

உன் நலம் நாடும் அப்பா
முத்துக்கருப்பன்